கர்ரி தீவில் கூடாரம், தூண்டில்: முதலில் கடலின் நேரத்தைப் பாருங்கள்

பிரிஸ்பேனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “நாங்கள் ஆறு நண்பர்கள். செப்டம்பர் கடைசியில் மூன்று இரவு ஃப்ரேசர் தீவுக்குப் போய், கடற்கரையிலேயே கூடாரம் போட்டு மீன் பிடிக்கலாம் என்று திட்டம். ஒருவனிடம் ஆல் வீல் டிரைவ் கார் இருக்கிறது, இன்னொன்றை வாடகைக்கு எடுப்போம். இண்டியன் ஹெட் பாறை முனை பக்கம் டெய்லர் மீன் நன்றாகக் கிடைக்கும் என்கிறார்கள். பிடித்த மீனை ராத்திரி தீ மூட்டிச் சுட்டுச் சாப்பிட வேண்டும். என்னென்ன கொண்டு போக வேண்டும்?”

கொண்டு போக வேண்டியதை அப்புறம் பார்ப்போம். தம்பி, உங்கள் திட்டத்தில் மூன்று விஷயம் அங்கே நடக்காது. அந்தக் கார் அந்த மணலில் ஓடாது. செப்டம்பரில் இண்டியன் ஹெட்டில் தூண்டில் போடக் கூடாது. கரையில் தீ மூட்டக் கூடாது. இந்த மூன்றையும் மாற்றிக்கொண்டால் மற்றதெல்லாம் நல்ல திட்டம்தான். நான் பிரிஸ்பேனுக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது, ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் நண்பர்களோடு போய் வருகிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். 2023 ஜூனிலிருந்து அதிகாரபூர்வமாக அது ஃப்ரேசர் தீவு இல்லை, கர்ரி. அந்த மண்ணுக்கு உரியவர்களான புச்சுல்லா மக்கள் காலங்காலமாக அழைத்துவந்த பெயர் அதுதான். ஆங்கிலத்தில் எழுதும்போது முன்னால் ஒரு கே எழுத்து நிற்கும், அதற்கு ஒலி கிடையாது. நம் ஆட்கள் முதல் முறை கேட்டதும் “என்ன கறி?” என்று கேட்காமல் இருந்ததில்லை. உலகத்திலேயே பெரிய மணல் தீவு. நீளம் மட்டும் 120 கிலோமீட்டருக்கு மேல். 1992-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பாறை ஓரிரு இடத்தில்தான், மற்றதெல்லாம் மணல். அந்த மணல் மேல் வானுயர்ந்த மழைக்காடு, நன்னீர் ஏரிகள். தார் ரோடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கிழக்குக் கடற்கரையேதான் தேசிய நெடுஞ்சாலை மாதிரி.

இந்த நெடுஞ்சாலையைக் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை மூடிவிடும் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். கடல் எனக்குப் புதிதில்லை என்ற மிதப்பு முதல் தடவை போனபோது நிறையவே இருந்தது. ஆனால் நம் ஊர்க் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். காலையில் போட்ட செருப்பு சாயங்காலமும் அதே இடத்தில் கிடக்கும். நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போகும் வழக்கமே நமக்குக் கிடையாது. கர்ரியில் இந்த வித்தியாசம் 2 மீட்டர் வரை போகும். கரையின் சாய்வு குறைவு என்பதால், கடல் வற்றும்போது விமானம் இறங்கும் அளவுக்கு அகலமான, கெட்டியான ஈர மணல் வெளியே வரும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அங்கே சிறு விமானங்கள் கடற்கரையில்தான் இறங்கி ஏறுகின்றன. அதே இடத்தில் ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அலை மணல்மேட்டின் காலில் மோதிக்கொண்டிருக்கும். நடுவில் உங்கள் வண்டி நின்றால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கால் புதையும் பொடிமணல்.

ஆகவே விடுப்பு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால், கடல் ஏறி வற்றும் நேரத்தைச் சொல்லும் டைட் அட்டவணையைத் திறந்து வையுங்கள். கடல் முழுதாக வற்றும் நேரத்துக்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம், இந்த நான்கு மணி நேரம்தான் நிம்மதியாக ஓட்டும் நேரம். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். உதாரணமாக, நீங்கள் போய்ச் சேரும் நாளில் காலை 10 மணிக்கு வற்றம் என்று வையுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை ஓட்டலாம். சாயங்காலம் நாலேகால் வாக்கில் கடல் முழுதாக ஏறியிருக்கும். அங்கே செப்டம்பர் கடைசியில் சூரியன் ஐந்தரை மணிக்கு மேல் கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். அதாவது ஏறுகிற தண்ணீரும் சாய்கிற வெயிலும் சேர்ந்து வருகின்றன. மீன் பிடிக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. நான்காம் நாள் திரும்பும்போது வற்றம் பன்னிரண்டரைக்கு வந்திருக்கும். அவசரப்படாமல் கூடாரத்தை மடித்துக்கொண்டு கிளம்பலாம். இப்படி அமைகிற வாரக்கடைசியைத் தேடுங்கள். வற்றம் விடியற்காலை நாலு மணிக்கும் மாலை நாலரைக்கும் என்றால் முதல் நாளே இருட்டில் ஓட்ட வேண்டிவரும். அதைச் செய்யாதீர்கள். தென்கிழக்குக் காற்று பலமாக வீசும் நாட்களில் அட்டவணை சொல்வதைவிடத் தண்ணீர் மேலே ஏறும், அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, வண்டி. உங்கள் நண்பரின் கார் மழையில் ஈர ரோட்டில் பிடிமானமாக ஓடும், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அடிவயிறு தாழ்வு, மெதுவாக, பலமாக இழுக்கும் லோ ரேஞ்ச் கியர் இல்லை. உள்ளே காட்டுப் பாதையில் முன்னால் போன நூறு வண்டிகள் கிழித்த பள்ளம் இரண்டு பக்கமும் இருக்கும், நடுவில் மணல் மேடு. தாழ்வான கார் அந்த மேட்டில் வயிறு படிய உட்கார்ந்துகொள்ளும், நான்கு சக்கரமும் காற்றில் சும்மா சுற்றும். வாடகை வண்டியிலும் கவனம். சாதாரண வாடகை ஒப்பந்தங்களில் மணலில் ஓட்டக் கூடாது என்று போட்டிருக்கும். தீவுக்கென்றே வாடகைக்குக் கொடுக்கும் இடங்களில் எடுங்கள், இரண்டு வண்டியும் உயரமான, உண்மையான ஃபோர் வீல் டிரைவாக இருக்கட்டும். ஆறு பேருக்கு ஒன்று போதும் என்று தோன்றும். ஆனால் ஒன்று புதைந்தால் இழுக்க இன்னொன்று வேண்டும்.

வண்டியைவிட முக்கியம் டயரில் இருக்கும் காற்று. இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் பயணத்தில் இரண்டு வண்டி போனோம். பின்னால் வந்த மதுரைக்கார நண்பர் காற்றைக் குறைக்க மாட்டேன் என்று பிடிவாதம். “டயர் கடையில 36 பிஎஸ்ஐ-னு சொல்லியிருக்கான், குறைச்சா ரிம் போயிடும்” என்றார். கெஞ்சிக் கூத்தாடியதில் 30 வரை இறங்கினார். இன்ஸ்கிப் முனையில் படகைப் பிடிக்க மணலுக்குள் இறங்கி நூறடி போகவில்லை, வண்டி ஒரு பெருமூச்சு விட்டு உட்கார்ந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி வெட்டிக்கொண்டது. நாங்கள் நாலு பேர் பின்னாலிருந்து தள்ளினோம், வாயெல்லாம் மணல்.

பக்கத்தில் மீன்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் நடந்து வந்தார். வண்டியைப் பார்க்கவே இல்லை. குனிந்து டயரைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்த்தார். “எவ்வளவு?” என்றார். சொன்னோம். ஒன்றும் பேசாமல் பையிலிருந்து ஒரு சிறு கருவியை எடுத்து வால்வில் வைத்தார். உஸ்ஸ்ஸ் என்று நான்கு டயரும் அடங்கின. 18-க்கு வந்ததும் நிறுத்தினார். டயரின் அடிப்பக்கம் தொப்பை விழுந்த மாதிரி பிதுங்கியிருந்தது. சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மணலை மண்வெட்டியால் சாய்வாக வாரிவிட்டு, “இப்போது மெதுவாக, ரிவர்ஸில், வந்த தடத்திலேயே” என்றார். ஒருவரும் தள்ளவில்லை. வண்டி தானாக ஏறி வந்தது. மதுரைக்காரர் அன்றிலிருந்து டயரில் காற்று இறக்கும் பொறுப்பை யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அகலத்தைவிட நீளம்தான் அதிகமாகிறது. டாங்கி வண்டியின் சங்கிலி மாதிரி நீளமாகத் தரையில் படிவதால் எடை பரவி, மணல் உடையாமல் தாங்குகிறது. பொதுவாக 18 முதல் 20, புதைந்துவிட்டால் 15. அதற்குக் கீழே போனால் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும் அபாயம் உண்டு. குறைந்த காற்றோடு வேகமாகத் திரும்பவும் கூடாது, வண்டி கவிழும். மணலில் பிரேக் போடுவதும் தவறு, சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து நீங்களே உங்களுக்கு ஒரு சுவர் கட்டிவிடுவீர்கள். காலை எடுத்தால் போதும், மணலே நிறுத்திவிடும். இறக்கிய காற்றைத் திரும்ப நிரப்ப ஒரு கம்ப்ரசரும் காற்று பார்க்கும் கேஜும் கட்டாயம்.

இழுக்கும் கயிற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம். ஆனால் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் இரும்புக் குண்டில் ஒருபோதும் இழுவைக் கயிற்றை மாட்டாதீர்கள். அந்தக் கயிறு ரப்பர் மாதிரி விரிந்து சுருங்கும். குண்டு உடைந்தால் பீரங்கிக் குண்டாகப் பறந்து வரும். இதனால் ஆஸ்திரேலியாவில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்று எடை குறித்த கொக்கி வண்டியில் எங்கே இருக்கிறது என்று வாடகைக்கு எடுக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் கயிறே தேவைப்படாது. மண்வெட்டியும் சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ரிகவரி பலகை இரண்டும் பத்தில் ஒன்பது தடவை வேலையை முடித்துவிடும்.

பிரிஸ்பேனிலிருந்து ரெயின்போ பீச் ஊருக்கு மூன்று மணி நேரம். அங்கேயே பெட்ரோலும் ஐஸும் நிரப்பிக்கொள்ளுங்கள், தீவில் கிடைக்கும், ஆனால் விலை கண்ணீர் வரவைக்கும். ஊரைத் தாண்டி இன்ஸ்கிப் முனை. அங்கிருந்து ஊக் பாயிண்டுக்கு ஒரு தட்டைப் படகு வண்டிகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஜெட்டி எல்லாம் கிடையாது, படகு மணலில் முட்டி நின்று வாயைத் திறக்கும், நீங்கள் நேராக உள்ளே ஓட்ட வேண்டியதுதான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை. இந்த இன்ஸ்கிப் மணலில் புதைகிற வண்டிகளைப் பார்ப்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே மணலை அவ்வளவாக நம்பவும் முடியாது. 2015 செப்டம்பரில் அந்தப் பக்கத்துக் கூடார மைதானம் ஒன்றில் கரை திடீரென்று உள்வாங்கி ஒரு காரையும் கேரவனையும் கூடாரங்களையும் கடல் விழுங்கிவிட்டது. நல்லவேளை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வண்டிக்கான அனுமதிச் சீட்டும் கூடாரத்துக்கான அனுமதியும் தனித்தனி. இரண்டையும் குயின்ஸ்லாந்து பூங்காத் துறையிடம் முன்கூட்டியே இணையத்தில் வாங்க வேண்டும். செப்டம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை தொடங்கும், தள்ளிப்போடாதீர்கள்.

கடற்கரை என்றாலும் அது சட்டப்படி சாலை. உச்ச வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், உள் பாதைகளில் 30. சீட் பெல்ட் கட்டாயம். போலீஸ் நடு மணலில் நின்று ஊதச் சொல்வார்கள், ஆகவே பீர் எல்லாம் கூடாரம் போட்ட பிறகு. எதிரே வண்டி வந்தால் இண்டிகேட்டர் போட்டு எந்தப் பக்கம் விலகுகிறீர்கள் என்று காட்டுவது அங்கே வழக்கம். தூண்டில் போட்டு நிற்பவர்களுக்கும் கடலுக்கும் நடுவே ஓட்டாதீர்கள், அவர்களுக்குப் பின்பக்கமாகப் போங்கள். நரம்பில் மாட்டினால் வாங்கும் வசவு மறக்காது. பெரிய ஆபத்து, ஓடைகள் கடலில் சேரும் இடத்தில் வெட்டிய பள்ளம். தூரத்திலிருந்து பார்த்தால் மணல் சமமாகத் தெரியும், கிட்டே போனால் முழங்கால் உயரத்துக்கு நேர்வெட்டு. ஈலை ஓடைப் பக்கம் இது சகஜம். ஒரு மணி நேரத்துக்கு 40 லட்சம் லிட்டர் நன்னீரைக் கடலில் கொட்டும் ஓடை அது. வேகத்தைக் குறைத்து, வேண்டுமானால் இறங்கி நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். அப்புறம் வண்டியைக் கரையில் விட்டுவிட்டு அந்த ஓடையில் படுத்து மிதந்து வாருங்கள், அது தனி சுகம். அதற்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் மகீனோ கப்பல் துருப்பிடித்துக் கிடக்கும். 1905-இல் கட்டியது, முதல் உலகப் போரில் மருத்துவக் கப்பலாக இருந்தது. 1935-இல் பழைய இரும்புக்காக ஜப்பானுக்கு இழுத்துப் போகும் வழியில் புயலில் கயிறு அறுந்து இங்கே ஒதுங்கிவிட்டது. போட்டோ எடுக்கலாம், ஏறக் கூடாது.

கூடாரம் எங்கே போடலாம் என்று பலகை வைத்திருப்பார்கள். கடற்கரை மண்டலங்களில் தண்ணீர், கழிப்பறை எதுவும் கிடையாது. முதல் முறை, அதுவும் மூன்று இரவு என்றால் வேலி போட்ட டுண்டுபாரா மைதானத்தை எடுங்கள் என்பேன். வேலி எதற்கு என்றால் டிங்கோவுக்காக.

டிங்கோவைப் புச்சுல்லா மொழியில் வொங்காரி என்பார்கள். பார்க்க நம் தெரு நாய் மாதிரியே, ஒல்லியாக, செம்பழுப்பாக, வாலாட்டாத குறைதான். அதனால்தான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். “பாவம், பசியா இருக்கு போல” என்று ஒரு துண்டு பிரெட்டை வீசிவிடுவார்கள். அது நாய் இல்லை, ஓநாய் மாதிரிக் கூட்டமாக வேட்டையாடும் பிராணி. மனிதனிடம் சோறு கிடைக்கும் என்று பழகிய டிங்கோ அடுத்து வருகிறவர்களிடம் உரிமையோடு கேட்கும், கொடுக்காவிட்டால் கடிக்கும். 2001-இல் வாடி பாயிண்ட் பக்கம் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். 2023-இல் கரையில் ஓட்டப்பயிற்சி செய்த ஒரு பெண்ணைத் துரத்திக் கடலுக்குள் தள்ளிக் கடித்தன. ஆகவே தனியாக நடக்காதீர்கள், ஓடாதீர்கள், கையில் ஒரு கம்பு இருக்கட்டும். கிட்டே வந்தால் முகத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து நின்று மெதுவாகப் பின்னால் நகருங்கள். சாப்பாடு போட்டால் அபராதம் கடுமை, தெரியாமல் விட்டுவைத்தாலும் குற்றம்தான். கூடாரத்துக்குள் உணவு மட்டுமில்லை, பற்பசை, சோப்புகூட வேண்டாம். எல்லாம் பூட்டிய வண்டிக்குள். எங்கள் கருவாட்டுப் பொட்டலம் ஒன்று பெட்டிக்கு வெளியே அரை மணி நேரம் இருந்தது. கூடாரத்தைச் சுற்றி எத்தனை கால்தடம் என்று காலையில் எண்ணிப் பார்த்தோம். அதற்குப் பிறகு கருவாடு வீட்டோடு சரி.

தீ மூட்டும் ஆசை புரிகிறது. ஆனால் 2020 அக்டோபரில் யாரோ சட்டத்துக்கு மாறாக மூட்டிய ஒரு தீ அணையாமல் பரவி, தீவில் ஏறக்குறைய பாதியைக் கருக்கிவிட்டது. அணைக்க வாரக்கணக்கில் ஆனது. கடற்கரையில் தீக்கு அனுமதியே இல்லை. டுண்டுபாரா, வாடி பாயிண்ட் மைதானங்களில் மட்டும் அவர்களே வைத்திருக்கும் இரும்பு வளையத்துக்குள், நீங்கள் கொண்டுபோகும் அறுத்த மரக்கட்டையால் மூட்டலாம். காட்டில் ஒரு சுள்ளிகூடப் பொறுக்கக் கூடாது. வறட்சிக் காலத்தில் அதற்கும் தடை போடுவார்கள். கேஸ் அடுப்பு எடுத்துப் போங்கள். உண்மையைச் சொன்னால் காற்றடிக்கும் கரையில் குழம்பு வைக்க அதுதான் வசதி, அடுப்பைச் சுற்றி மறைப்புத் தகடு மட்டும் மறக்காதீர்கள்.

இப்போது மீன். எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும்.

டெய்லர் என்பது கூட்டமாக வேட்டையாடும் மீன். பல்லெல்லாம் கத்தரிக்கோல், அதனால்தான் தையல்காரன் என்று பெயர் வைத்தார்களோ என்னவோ. குளிர்காலக் கடைசியில் கரையோரமாக வடக்கே வந்து, இண்டியன் ஹெட் பக்கம் கூடி முட்டையிடுகிறது. நீங்கள் கேள்விப்பட்டது அதைத்தான். அது கூடுகிற காலம் என்பதால்தான் ஆகஸ்ட் 1 முதல் செப்டம்பர் 30 வரை, இண்டியன் ஹெட்டுக்குத் தெற்கே 400 மீட்டரிலிருந்து வாடி பாயிண்டுக்கு வடக்கே 400 மீட்டர் வரை மீன்பிடித் தடை. நம் ஊரில் விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை போடுவதற்கு என்ன காரணமோ அதேதான். ஆனால் கவலை வேண்டாம், அந்தத் துண்டுக்குத் தெற்கே யூராங் ஊர் வரை அத்தனை கடற்கரையும் திறந்திருக்கிறது. மீன் அந்த வழியாகத்தான் வந்தாக வேண்டும். இண்டியன் ஹெட்டுக்குத் தூண்டில் இல்லாமல் ஏறிப் பாருங்கள், செப்டம்பரில் கூனல் திமிங்கிலங்கள் துள்ளுவது தெரியும்.

இவ்வளவு நீளக் கரையில் எங்கே நிற்பது? கடல் வற்றியிருக்கும்போது வண்டியில் போகையில் பார்த்து வையுங்கள். கரைக்குச் சற்றுத் தள்ளி ஒரு மணல் திட்டு, அதன் மேல் அலை உடைந்து வெள்ளையாக இருக்கும். திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் உடையாமல் கரும்பச்சையாக நின்றால் அது ஆழமான வாய்க்கால். இங்குள்ளவர்கள் கட்டர் என்பார்கள். அந்த வாய்க்காலுக்குக் கடலிலிருந்து மீன் நுழைய ஒரு வாசல் இருக்கிறதா என்று பாருங்கள். நேர் எதிரே மணல்மேட்டில் ஒரு அடையாளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறி எல்லாம் ஒரே வெள்ளை நுரையான பிறகு அங்கே வந்து நின்றால், மற்றவர்கள் குருட்டாம்போக்கில் வீசும்போது நீங்கள் தெரிந்து வீசுகிறீர்கள்.

நீளமான தூண்டில் கழி, 12 அடி வாக்கில் வேண்டும். அங்குள்ள கிழவர்கள் கையில் ஆல்வி ரீல் இருக்கும், 1920-இல் பிரிஸ்பேனில் தொடங்கிய கம்பெனியின் பெயர். பெரிய தட்டு மாதிரி இருக்கும், வீசும்போது பக்கவாட்டில் திருப்பிக்கொள்ள வேண்டும். உள்ளே மணல் புகுந்து கெடும் நுட்பமே அதில் இல்லை. மற்ற ரீலாக இருந்தால் மணலில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று நான்கு முள்ளை ஒன்றன் கண்ணில் ஒன்றாகக் கோத்த சங்கிலியில் ஒரு முழு பில்ச்சர்டை நேராகக் குத்துங்கள். நம் மத்தியின் உறவுக்கார மீன்தான் அது. ஈயத்தைச் சிறியதாக வைத்து, வீசிய பிறகு மெதுவாகச் சுருட்டிக்கொண்டே இருங்கள். டெய்லர் ஓடுகிற இரையைத்தான் அடிக்கும். வந்ததும் செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து ஐஸில் போடுங்கள். அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் சதை கொழகொழத்துவிடும், “டெய்லரா, ருசியே இல்லை” என்று சொல்பவர்கள் எல்லாம் இதைச் செய்யாதவர்கள்.

பகலில் டெய்லர் இல்லாத நேரத்துக்கு விட்டிங் இருக்கிறது. முதல் தடவை பிடித்தபோது கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். கூர்மூக்கு, வெள்ளி உடம்பு, உருண்ட நீளம். அட, நம்ம கிழங்கான்! இனம் வேறு, குடும்பம் ஒன்றுதான். எல்லோரும் தூரத்தில் வீசுவார்கள், அது இருப்பதோ கணுக்கால் நனையும் தண்ணீரில். அதற்குச் சரியான இரை மணல் புழு. புழு பிடிப்பதை அந்த முதல் பயணத்திலேயே இன்னொரு பெரியவர் கற்றுக்கொடுத்தார். வெங்காயப் பையில் மீன் தலைகளைப் போட்டுக் கட்டி, அலை வந்து திரும்பும் ஈர மணலில் இழுத்துக்கொண்டே போனார். அலை பின்வாங்குகையில் வடிகிற தண்ணீரில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு ‘வி’ வடிவம் கீறியது. புழு வாசனைக்குத் தலையை நீட்டியிருக்கிறது. பெரியவர் மண்டியிட்டு மட்டிச் சதைத் துண்டு ஒன்றை அதன் வாயருகே காட்டினார். அது கவ்வி இழுக்க முதுகை வில்லாக வளைத்த கணத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்தன. பிறகு அவசரமே இல்லாமல் நூல் உருவுவது மாதிரி உருவினார், ஒரு மீட்டருக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. நான் அன்று இரண்டு மணி நேரம் முயன்று ஒரு தலையைத்தான் பிய்த்தேன். இரண்டாவது வருடம்தான் ஒரு முழுப் புழு வந்தது. நீங்கள் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

குயின்ஸ்லாந்தில் கடலில் தூண்டில் போட லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் அளவு உண்டு. டெய்லர் 35 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஆளுக்கு 20. விட்டிங் 23 சென்டிமீட்டர், ஆளுக்கு 30. ஒரு அளவுகோலைப் பெட்டி மூடியில் ஒட்டிவிடுங்கள். தீவின் ஏரிகளிலும் ஓடைகளிலும் மீன் பிடிக்கவே கூடாது. கழிவைக் கண்ட இடத்தில் போடாமல், ஏற்ற நீர் எட்டும் கோட்டுக்குச் சற்றுக் கீழே அரை மீட்டர் ஆழமாவது தோண்டிப் புதையுங்கள். இல்லாவிட்டால் அன்று ராத்திரி வொங்காரி விருந்து வைத்துவிடும், நீங்கள் பக்கத்திலேயே படுத்திருப்பீர்கள்.

சமையலுக்கு மசாலாவை வீட்டிலேயே கலந்து வைத்துக்கொள்ளுங்கள். புளியைக் கரைத்து ஒரு பாட்டிலில் ஊற்றி ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டால் இருட்டில் புளி கரைக்கும் வேதனை மிச்சம். டெய்லரைக் குழம்பில் போடலாம், ஆனால் கடைசியில் போட்டு ஒரே கொதியில் இறக்க வேண்டும், கரண்டி விட்டுக் கிளறினால் கரைந்துவிடும். கிழங்கானுக்கு மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சை, தோசைக்கல். வேறெதுவும் செய்யாதீர்கள்.

மீன் பிடிக்காத நடுப்பகலில் என்ன செய்வது? யூராங் வழியாக உள்ளே போய் ஏரியைப் பாருங்கள். மெக்கென்ஸி ஏரி, புச்சுல்லா பெயர் பூரங்கூரா. மழைநீர் மட்டும் தேங்கிய ஏரி, வெள்ளை மணல், கரையில் கண்ணாடி, நடுவில் நீலம். சன்ஸ்கிரீன், சோப்பு போட்டுக்கொண்டு இறங்காதீர்கள், ஏரிக்கு வெளியேறும் வழி கிடையாது. கடலில் குளிக்கும் எண்ணம் வேண்டவே வேண்டாம். இழுப்பு பலம், சுறா உண்டு, காவலுக்கு ஆள் கிடையாது. உடம்பு உப்பாக வேண்டுமென்றால் இண்டியன் ஹெட்டுக்கு வடக்கே ஷாம்பெயின் பூல்ஸ் என்ற பாறைக் குளங்கள் இருக்கின்றன, அங்கேயும் அலை பெரிதாக இருந்தால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

கேட்ட பட்டியலில் மிச்சம் இருப்பது இதுதான்: ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வீதம் குடிதண்ணீர், மணலில் நிற்கும் நீளமான கூடார ஆணிகள், இரண்டு வண்டியும் பேசிக்கொள்ள யூஎச்எஃப் ரேடியோ, ஏனென்றால் போன் பல இடத்தில் எடுக்காது. முதலுதவிப் பெட்டி, நெற்றி விளக்கு, குப்பையைத் திரும்பக் கொண்டுவரத் தடிமனான பைகள். அப்புறம் ஒரு சிறிய பலகை. வண்டியைத் தூக்கும் ஜாக்கியை வெறும் மணலில் வைத்தால் ஜாக்கிதான் கீழே போகும், வண்டி மேலே வராது.

திரும்பி ரெயின்போ பீச்சுக்கு வந்ததும் டயருக்குக் காற்று ஏற்றிவிட்டு வண்டியின் அடிப்பக்கத்தை நன்னீரால் அடித்துக் கழுவுங்கள், வீட்டுக்கு வந்து இன்னொரு முறை. ஈர மணலில் ஓடிய வண்டிக்கு உப்பு எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. மணல் அதைவிட மோசம். எங்கள் வண்டியில் ஏசியை முழு வேகத்தில் வைத்தால் பொங்கலுக்குக்கூட நாலு மணல்மணி முகத்தில் வந்து விழும்.